மூன்றாவது கழுவல்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஊசி எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அண்ணன், அம்மா மூவரும் நலமா? அம்மா படுத்த படுக்கையாக இருப்பதால் முதுகில் புண் வந்துவிடும், இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள். பதினோரு வருடமாக அதையே செய்துவரும் உங்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன் பாருங்கள், வாத்தியார் புத்தி போகாது.

காரியமாகத்தான் எழுதுகிறேன். நாம் சேர்ந்து படித்த, இப்போது நீங்கள் உதவியாளராக இருக்கும் துறையின் தலைவியிடம் பேசிவிட்டேன். இனி என் ஆய்வுக்கூடமும் உங்களுடையதும் கூட்டு. கோழிக்கருவிலிருந்து நரம்புச் செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்க்கும் வேலை முழுக்க உங்கள் பொறுப்பு. இங்கே என் மாணவர்கள் தொட்டால் செல்கள் மறுநாளே மண்டையைப் போட்டுவிடுகின்றன. உங்கள் கை பட்டால் பட்டமரமும் துளிர்க்கும் என்று நம் பேராசிரியர் சொல்வாரே, நினைவிருக்கிறதா?

பாடத்தை மறந்திருப்பீர்கள், எளிதாகச் சொல்கிறேன். வளரும் நரம்புச் செல்லுக்கு வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்தாக வேண்டும். அதைப் பிடித்துக்கொள்ளச் செல் தன்மேல் ஏற்பிகளை வைத்திருக்கிறது. காரணி சொல் என்றால் ஏற்பி காது. அந்தக் காதைச் செய்யும் மரபணுவை எது எழுப்புகிறது என்பதுதான் கேள்வி. என் கட்சி இது: காரணியை நிறுத்தினால் செல் பசியில் இன்னும் அதிகமாகக் காதை நீட்டும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

மூன்று நாள் காரணியோடு வளருங்கள். பிறகு தட்டை மூன்று முறை கழுவிக் காரணியை நீக்குங்கள். மூன்றாவது கழுவலில் மட்டும் எதிர்ப்பொருள் சேர்க்க வேண்டும்; ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மீதியை அது விழுங்கிவிடும். பட்டினியில் செல் சாகாமல் இருக்க ஓர் உப்புக் கரைசல் அனுப்புகிறேன். இரண்டு நாள் கழித்து ஏற்பி மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஃபிலிமில் எடுத்து அனுப்புங்கள். மரபணு ஓடினால் ஃபிலிமில் ஒரு பட்டை விழும்; பட்டினித் தட்டில் அது தடிமனாக, கறுப்பாக வந்தால் நான் ஜெயித்தேன்.

எதையும் போனில் சொல்ல வேண்டாம். போனில் சொன்னது காற்றோடு போகும். எல்லாம் எழுத்தில், தேதியோடு இருக்கட்டும்.

கட்டுரை வரும்போது உங்கள் பெயர் என் பெயருக்கு அடுத்து இருக்கும். அதைக் காட்டினால், நீங்கள் பாதியில் விட்ட ஆராய்ச்சியைத் திரும்பத் தொடங்க அனுமதிப்பதாகத் துறைத்தலைவி வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கும் நவம்பர் 18 அன்று நிரந்தரப் பதவிக் குழு கூடுகிறது. இரண்டு பேருக்கும் இதில்தான் வாழ்வு.

அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள்
ஊசி


பிப்ரவரி 27

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தைக்குப் பேச்சு வரவில்லை, வலது கையும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காலையில் கஞ்சி ஊட்டும்போது காதருகே "ஊசி வந்திருக்கா" என்று சொல்வேன். உடனே தலை வாசல் பக்கம் திரும்பும், வாயும் திறக்கும். நான் சொல்வது பொய்தான். அதை வைத்துத்தான் நாலு கரண்டி உள்ளே போகிறது.

உன் கடிதம் வந்த அன்று, கட்டுரையில் என் பெயர் எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, கையெழுத்து மறந்துபோச்சா?" என்றார். கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்! ஏழு தடவை எழுதினேன் என்று எண்ணியும் சொன்னார்.

பேராசிரியர் சொன்னதை நீ நினைவில் வைத்திருக்கிறாய். நான் வைத்துக்கொள்ளவில்லை. அத்தை விழுந்த மாதம் முழுக்க நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வருகை போதவில்லை என்று என்னை நீக்கியவர் அவர். அதை நீதான் அழுதுகொண்டே வந்து சொன்னாய். போன வருடம் அவர் செத்தபோது துறையே திரண்டு போனது. நான் சீசா கழுவிக்கொண்டிருந்தேன்.

இனி வேலை. ஃபிலிம் இணைத்திருக்கிறேன். இடது பக்கம் காரணி கொடுத்த தட்டு, பட்டை கன்னங்கரேலென்று இருக்கிறது. வலது பக்கம் பட்டினித் தட்டு. பட்டையை நான் காட்டினால்தான் உனக்குத் தெரியும். செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, நுண்ணோக்கியில் பளபளவென்று தெரிகின்றன. காது மட்டும் இல்லை.

ஊசி, நீ சொன்னது தலைகீழாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. காரணி வந்து தட்டினால்தான் ஏற்பி மரபணுவே ஓடுகிறது. அழுத பிள்ளை பால் குடிப்பது இருக்கட்டும், பால் குடித்த பிள்ளைக்குத்தான் அழுவதற்குக் குரல் இருக்கிறது.

அன்புடன்
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலம்தானே.

ஃபிலிம் கிடைத்தது. பார்த்துச் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். பட்டினித் தட்டில், பட்டையைத் தரும் ஆர்.என்.ஏ. பாதி எங்கோ கொட்டிப் போயிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். பதினோரு வருடம் சீசா கழுவிய கை உடனே பழைய நிலைக்கு வருமா? திரும்பச் செய்யுங்கள். என் மாணவர்கள் உங்கள் ஃபிலிமைச் சுவரில் ஒட்டி, கீழே ‘அண்ணி ராத்திரி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவு வெறுமை!

முடிவை விளக்க வேண்டாம். அது என் வேலை. தட்டு மட்டும் போதும்.

ஊசி


ஏப்ரல் 9

அன்புள்ள ஊசிக்கு,

இங்கே நலம். உனக்கு அந்த நாட்டுக் குளிர் குறைந்ததா? அத்தைக்கு இருமல் இருந்தது, சரியாகிவிட்டது.

உன் கடிதம் வரும் முன்பே நானாகத் தொடங்கி, ஐந்து முறை திரும்பச் செய்தேன். ஐந்து வாரம், ஐந்து வெவ்வேறு அடுக்கு முட்டை. என் கை ஒருபக்கம் சாயக்கூடாது என்பதற்காக, எது காரணித் தட்டு, எது பட்டினித் தட்டு என்று எனக்கே தெரியாதபடி உன் அண்ணனை எண் ஒட்ட வைத்தேன். மனுஷர் பள்ளி விட்டு வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் மாதிரி மறைத்து மறைத்து ஒட்டினார். எண்ணைப் பிரித்துப் பார்த்தபோது ஐந்தும் ஒன்றுதான். மூன்று முறை கழுவினால் பட்டை இல்லை.

நீ கேட்காத ஒன்றையும் செய்தேன், திட்டாதே. பட்டினித் தட்டுக்குத் திரும்பக் காரணி கொடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மரபணு எழுந்துகொள்கிறது, காது திரும்ப முளைக்கிறது. நாற்பத்தெட்டு மணி தாண்டிவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் எழுவதில்லை. இரட்டிப்பாக ஊற்றினேன், பத்து மடங்கு ஊற்றினேன். செல் உயிரோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, கேட்பதற்கு எதுவும் இல்லை.

நான் இதை முதலில் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் கேள்வியைவிட இது பெரியது, ஊசி. இதையே எழுதலாம். உன் பெயர் முதலில் இருக்கட்டும், எனக்கு இரண்டாவது இடம் போதும். நாம் இரண்டு பேரும் ஒரே நுண்ணோக்கிக்குச் சண்டை போட்ட நாட்களுக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 24

அண்ணிக்கு,

நலம். அம்மாவுக்கு இருமல் மருந்து மாற்றிக் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வருத்தமாக இருக்கிறது. நான் உங்களிடம் கேட்டது தட்டு, தத்துவம் அல்ல. கேட்காத பரிசோதனைக்கு என் காரணியைச் செலவழித்திருக்கிறீர்கள். ஒரு கணக்கு வாத்தியாரை வைத்து எண் ஒட்டினால் அது அறிவியல் ஆகிவிடாது.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நீங்கள் முரட்டுத்தனமாகக் கழுவுகிறீர்கள். மூன்றாவது கழுவலும் அதிலுள்ள எதிர்ப்பொருளும் செல்லைக் கெடுக்கின்றன. ஆகவே இனி மூன்றாவது கழுவல் வேண்டாம். இரண்டு போதும், எதிர்ப்பொருளும் வேண்டாம். மிச்சம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். ஆரம்பிக்காதீர்கள். இது என் முடிவு, என் பொறுப்பு. சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

கூட்டு முறிந்தால் எனக்கு வேறு ஆள் கிடைக்கும். உங்களுக்கு வேறு கட்டுரை கிடைக்காது.

ஊசி


ஜூன் 11

அன்புள்ள ஊசிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. மே மாதத்தில் துறையின் பழைய அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். பேராசிரியரின் கோப்புகளையெல்லாம் நான்தான் எடுத்துத் துடைத்து அடுக்கினேன். ஒரு கோப்பில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். அப்போதே முத்து முத்தாக எழுதியிருக்கிறாய்.

நீ சொன்னபடி இரண்டே முறை கழுவினேன். எதிர்ப்பொருள் சேர்க்கவில்லை. பட்டை நீ விரும்பியபடி வந்திருக்கிறது. நான்கு ஃபிலிம்கள் இணைப்பில் உள்ளன.

அண்ணி


ஜூன் 26

என் தங்க அண்ணிக்கு,

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது! ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு நடைபாதை முழுக்க ஓடினேன். பட்டினித் தட்டில் பட்டை எவ்வளவு தடிமன்! நான் சொன்னேனா இல்லையா? மூன்றாவது கழுவலை விட்டவுடன் எல்லாம் நேராகிவிட்டது. உங்களைத் திட்டியதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடிக்கிற கைதான் அணைக்கும்.

இன்னும் ஆறு ஃபிலிம் வேண்டும், ஜூலைக்குள். ‘அண்ணி ராத்திரி’யைச் சுவரிலிருந்து கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். நவம்பர் 18 அன்று குழுவின் முன்னால் இதைத்தான் காட்டப் போகிறேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், அவன் மனைவி மறுபடி ஆராய்ச்சிக்காரி ஆகப் போகிறாள். அதை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது.

எந்தக் கோப்பில் என் கையெழுத்தைப் பார்த்தீர்கள்? செய்முறைக் குறிப்பேடாக இருக்கும்.

அன்பு முத்தங்களுடன்
ஊசி


ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஆறு ஃபிலிமும் வந்தன, கூடவே ஒரு வரி எழுதக்கூட உங்களுக்கு நேரமில்லையா? அம்மா எப்படி இருக்கிறாள் என்றாவது போட்டிருக்கலாம்.

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. அடுத்த மாதம் அச்சில் வருகிறது.

ஒரு சின்னச் சங்கடம். பெயர்ப் பட்டியலைப் பார்த்த ஒருவர், வீட்டு மனிதர்களின் பெயரைச் சேர்த்தால் குழுவில் தப்பாகப் பேசுவார்கள் என்றார். யோசித்தேன், சரியாகத்தான் பட்டது. இந்த ஒரு தடவை மட்டும் உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் கடைசியில் நன்றிப் பகுதியில், ‘செல்களைப் பராமரித்த ஆய்வுக்கூட உதவியாளருக்கு’ என்று ஒரு முழு வரி போட்டிருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு அது நீங்கள்தான் என்று தெரியாதா என்ன? அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. செய்முறைப் பகுதியில் வழக்கம்போல் மூன்று முறை கழுவியதாகவும் எதிர்ப்பொருள் சேர்த்ததாகவும் போட்டுவிட்டேன். இரண்டு என்றால் ஏன், எதற்கு என்று நச்சரிப்பார்கள். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குப் பெருந்தன்மை அதிகம். அது தெரிந்துதான் இவ்வளவு உரிமையோடு எழுதுகிறேன்.

ஊசி


செப்டம்பர் 10

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணி எழுதுவது. எல்லோரும் நலம். அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார்.

கட்டுரை வந்ததற்கு என் வாழ்த்து. நன்றிப் பகுதியில் அந்த வரியைப் படித்தேன். உன் அண்ணன் சத்தம் போட்டே படித்துவிட்டு, "நல்ல வரி, தப்பே இல்ல" என்றார். அவர் எப்போதும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர்.

குழு கூடுவது நவம்பர் 18தானே? தேதி மாறினால் எனக்கு எழுது.

யாராவது கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்வேன். கவலைப்படாதே.

அன்புடன்
அண்ணி


நவம்பர் 4

ஊசிக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது குழுவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும். உடம்பு நலமா? இனி கொஞ்ச நாளைக்கு நன்றாகத் தூங்கிக்கொள்.

அக்டோபர் 20 அன்று எங்கள் துறைத்தலைவி உன் கட்டுரை வந்த இதழுக்கும் உன் பதவிக் குழுவுக்கும் தனித்தனி உறை அனுப்பினார். உள்ளே என் ஃபிலிம்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன: மூன்று முறை கழுவியவை, இரண்டு முறை கழுவியவை. ஜூன், ஜூலை முழுக்க உனக்கு ஒரு தட்டு செய்யும்போதெல்லாம் பக்கத்தில் எனக்கு ஒரு தட்டு செய்தேன். உன்னுடைய பட்டினித் தட்டு எதுவும் பட்டினியே கிடக்கவில்லை. மிச்சக் காரணியைக் குடித்துக்கொண்டு சுகமாக இருந்தன. ஏப்ரல் 24 தேதியிட்ட உன் கடிதத்தின் நகலும் ஆகஸ்ட் 20 தேதியிட்ட கடிதத்தின் நகலும் கூடவே இருக்கின்றன. எல்லாம் எழுத்தில், தேதியோடு இருக்கட்டும் என்று நீதானே சொன்னாய்.

நான் எதையும் திருத்தவில்லை, மறைக்கவில்லை, ஒரு சொட்டு கூடவோ குறையவோ சேர்க்கவில்லை. சொன்னதை மட்டும் செய்தேன்.

மே மாதம் நான் பார்த்தது செய்முறைக் குறிப்பேடு இல்லை. என் பெயர் எழுதிய கோப்பு. ‘குடும்பப் பொறுப்புகள் காரணமாக ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன், வெளிநாட்டு இடத்துக்கு என்னைக் கருத வேண்டாம்’ என்று நான் பேராசிரியருக்கு எழுதிய கடிதம் அதில் இருந்தது. நான் எழுதவே இல்லை. என் பெயரில், உன் கையெழுத்தில் இருந்தது. ஒரே இடம், இரண்டு மாணவிகள். நான் ஆஸ்பத்திரியில் உன் அம்மாவின் மலச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த வாரம் தேதி போட்டிருக்கிறாய். ஓரத்தில் பேராசிரியர் பென்சிலால் ஒன்று எழுதியிருந்தார்: ‘பெரிய இழப்பு. ஒருமுறை நேரில் பேசிப் பார்க்க வேண்டும்.’ அவர் பேச வரும்முன் நீ வந்து அழுதாய், அவர் என்னை நீக்கிவிட்டார் என்று. அந்த மனிதரைப் பதினோரு வருடம் நான் சபித்தேன். எதிரே வந்தால் தெருவைக் கடந்து போவேன், ஒரு வார்த்தை பேச விட்டதில்லை. அவர் என்ன நினைத்திருப்பார்?

எனக்கு உன் அண்ணனைப் பார்த்துக் கட்டிவைத்தவளும் நீதான். இப்போது யோசிக்கிறேன், அதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்ததா என்று.

ஜூலையில் உன்னை எச்சரித்து ஒரு கடிதம் எழுதினேன். பைக்குள் வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தினமும் கடந்தேன். எவ்வளவு செய்திருந்தாலும் நீ என் பழைய சிநேகிதி என்று ஒரு எண்ணம். பிறகு உன் ஆகஸ்ட் கடிதம் வந்தது. என் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

உறையை ஒட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அண்ணி


நவம்பர் 27

என் கண்ணே,

அண்ணி என்று எழுதக் கை வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உன்னை ‘வாடி, போடி’ என்றுதானே கூப்பிடுவேன், அப்படியே எழுதுகிறேன்.

முடிந்துவிட்டதடி. பதினெட்டாம் தேதி ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டினார்கள். மொழிபெயர்க்க ஒருத்தியை வைத்திருந்தார்கள், என் பழமொழி எதற்கும் அங்கே வேலை இருக்கவில்லை, ‘மூன்றாவது கழுவல் வேண்டாம்’ என்ற வரி மட்டும் போதுமாக இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பதவி இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். வருட முடிவுக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாணவர்கள் என்னைக் கண்டால் மாடிப்படி மாறிப் போகிறார்கள்.

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன். பொய் சொல்ல மாட்டேன். உன்னோடு போட்டி போட்டால் எனக்கு அந்த இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். பேராசிரியருக்கும் தெரியும். உன் கை பட்ட தட்டையும் என் கை பட்டதையும் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் தெரியும். எனக்குப் பயமாக இருந்ததடி. எழுதிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பதினோரு வருடத்தில் நீ நல்லதாக எதைச் செய்தாலும் எனக்கு அது பொய்யாக இருக்க வேண்டும் போலிருந்தது. உன் முதல் ஃபிலிம் வந்தபோதே அது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தேன்.

உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீதான் பெரியவள். நீ என் சிநேகிதி, என் அக்கா, என் அம்மா, எல்லாம். என்னை மன்னித்துவிடு. ஒரே ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது.

ஜனவரியில் வருகிறேன். அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தால் போதும் எனக்கு. நான் வருகிறேன் என்று அம்மா காதில் சொல். அவள் ஒருத்தியாவது என்னைப் பார்த்துத் திரும்புவாள்.

உன்
ஊசி


டிசம்பர் 15

ஊசிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது.

மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறை படித்து முடித்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு ஏதாவது ஆகிறதா என்று சற்று நேரம் காத்திருந்தேன். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நீ எழுதியதெல்லாம் உண்மை என்று நம்புகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்பு இதில் ஒரு வரி வந்திருந்தால் ஓடி வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன். ஏப்ரலில் வந்திருந்தால்கூட. இப்போது, நல்ல கடிதம் என்று மட்டும் தோன்றுகிறது. மடித்து மற்றவற்றோடு வைத்துவிட்டேன்.

அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தைப் பற்றிய என் கட்டுரை மார்ச்சில் வருகிறது. ஒரே பெயர்தான். துறைத்தலைவி என்னைத் திரும்ப ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொண்டார். என் வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு முப்பத்தெட்டு. நுண்ணோக்கிக்கு என்னோடு யாரும் சண்டை போடுவதில்லை, வயதுக்கு மரியாதை கொடுத்து எழுந்துவிடுகிறார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். மே மாதம் அந்தக் கோப்பைப் பார்த்த நாளிலிருந்து, கஞ்சி ஊட்டும்போது அத்தை காதில் உன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். உன் அண்ணனிடமும் வீட்டில் அந்தப் பெயர் வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டினார். முதல் இரண்டு வாரம் அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வாய்கூட இறங்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடப் பழகிவிட்டார். இப்போது நன்றாகவே சாப்பிடுகிறார். அது செய்யக்கூடிய காரியமில்லை என்று செய்யும்போதே எனக்குத் தெரியும்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் காதருகே போய் "ஊசி வரப்போறா" என்று சொன்னேன். பொய்யில்லை, முதல் தடவையாக உண்மை. தலை திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். உன் அண்ணனும் வந்து சொன்னார், பத்துத் தடவை சொன்னார். அத்தை கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகத்தான் கேட்கிறது, தட்டு விழுந்தால் திடுக்கிடுகிறார்.

ஜனவரியில் நீ தாராளமாக வரலாம், அது உன் வீடு. நீயே நேரில் வந்து கூப்பிட்டால் திரும்புவாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. அந்தப் பரிசோதனையை நான் செய்து பார்க்கவில்லை.

நலம் விழையும்
அண்ணி